மாடிக் கணக்கு

நான் நான்காம் வகுப்புக்குப் போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாடி வந்தது. விளாங்குடியில் மெயின் ரோட்டை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. பழைய ஓட்டுக் கட்டடத்துக்குப் பக்கத்தில் கான்கிரீட்டில் ஒன்றை எழுப்பி, கீழே அலுவலக அறையும் மேலே ஒரே ஒரு வகுப்பறையும் கட்டியிருந்தார்கள். மேலே மின்விசிறி உண்டு, புது பெஞ்சு உண்டு, ஜன்னலில் நின்றால் திண்டுக்கல் பஸ் போவது தெரியும் என்று பேச்சு. நான்காம் வகுப்பு முழுக்க அங்கேதான் என்று நம்பிக்கொண்டு நாங்கள் அந்தக் கோடை விடுமுறையை எப்படியோ தள்ளினோம்.

நாங்கள் என்றால் நானும் என் அத்தை மகளும். அப்பாவின் ஒரே தங்கையைக் கொட்டாம்பட்டிப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகளுக்கு விவரம் தெரிவதற்குள் அத்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். காரியம் முடிந்த கையோடு அப்பா அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "தாய்மாமன் நான் உசுரோடதான இருக்கேன்" என்று மட்டும் சொன்னாராம். அவளுடைய அப்பாவான கொட்டாம்பட்டி மாமாவைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் பார்ப்போம். ஒரு சாக்கில் நிலக்கடலையைக் கொண்டுவந்து இறக்கிவைத்து, மகள் தலையைத் தடவிவிட்டு, பொழுது சாய்வதற்குள் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுவார்.

என்னைவிடச் சில மாதம் இளையவள். அத்தை மகள் என்பதால் எனக்கு முறைப்பெண். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் வீட்டுக்கு வருகிற அத்தனை பேருக்கும் நன்றாகத் தெரிந்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் "மச்சானுக்கு முதல்ல வையிடி" என்பார்கள். நாங்கள் அடித்துக்கொண்டால் "கல்யாணத்துக்கு முன்னாடியேவா?" என்பார்கள். சிரிப்பார்கள். நாங்களும் கூடச் சேர்ந்து சிரிப்போம். ஆள் இருக்கும்போது அவள் என்னை மச்சான் என்றும், தெருமுனை தாண்டியதும் டேய் என்றும் கூப்பிட்டாள். எனக்கு டேய்தான் பிடித்திருந்தது.

மூன்றாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சாரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். பெஞ்சுக்கு ஒரு விடைதான் சொல்ல வேண்டும். விடை சரியென்றால், அந்தப் பெஞ்சிலேயே மக்கு யாரோ அவனை எழுப்பி, எப்படி வந்தது என்று கேட்பார். அவன் திணறினால் பெஞ்சு முழுக்க நிற்க வேண்டியதுதான். அதனால் தெரிந்த பிள்ளைகள் தெரியாதவர்களுக்கு உயிரைக் கொடுத்துச் சொல்லித் தருவார்கள். அது அவருடைய கற்பிக்கும் முறையா அல்லது சோம்பலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் வகுப்பில் ஒருவரும் விட்டுப்போகவில்லை.

எங்கள் பெஞ்சில் எழுப்பப்படுகிறவன் நான். எனக்குச் சொல்லித் தருகிற வேலை அவளுடையது. முழங்கையால் என் விலாவில் ஒரு இடி இடித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். ஒன்பதாம் வாய்ப்பாடு எனக்கு வரவே வராது. "ஒம்பதுன்னா ஏன்டா பயப்படுற? பத்துன்னே வச்சுக்க. அப்புறம் எச்சா எடுத்ததத் திருப்பிக் குடுத்துரு" என்றாள் ஒருநாள். பத்து ஆறு அறுபது, அதில் ஓர் ஆறைத் திருப்பிக் கொடு. அவ்வளவுதான். யாரும் சொல்லிக்கொடுத்து அவள் அதைக் கற்றுக்கொண்டதில்லை. தானாகவே கண்டுபிடித்தது.

நான்காம் வகுப்பு தொடங்கியபோது புதுத் தலைமையாசிரியை வந்தார். சுறுசுறுப்பானவர். நல்லது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர் என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகம் இல்லை. பெற்றோரையெல்லாம் கூப்பிட்டு, கணக்கில் வேகமான பிள்ளைகள் மற்றவர்களுக்காகக் காத்திருந்து வீணாகிறார்கள், மெதுவான பிள்ளைகள் ஓட முடியாமல் மூச்சு வாங்குகிறார்கள், ஆகவே கணக்குப் பாடத்துக்கு மட்டும் இரண்டாகப் பிரிக்கப் போகிறேன் என்றார். யார் மனமும் நோகக் கூடாது என்று ஒரு வகுப்புக்கு முல்லை என்றும் இன்னொன்றுக்குத் தாமரை என்றும் பெயர் வைத்தார். முல்லைக்கு மாடி அறை, தாமரைக்கு ஓட்டுக் கட்டடம். ஒரு வாரம்கூட அந்தப் பூக்கள் தாங்கவில்லை. பிள்ளைகளும் ஊராரும் மாடி என்றும் கீழ் என்றும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் மாடிக்குப் போனாள். நான் கீழே இருந்தேன்.

கணக்கு மணி அடித்ததும் மாடிப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையாகப் படியேறுவதை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்போம். பிறகு எங்கள் டீச்சர் வந்து கடன் வாங்கிக் கழிப்பதை மறுபடியும் முதலிலிருந்து சொல்லித் தருவார். பொறுமைசாலி. திட்டவே மாட்டார். ஆனால் எங்கள் பெஞ்சில் ஒருவனுக்குத் தெரியாதது அடுத்தவனுக்கும் தெரியாது. கேட்பதற்கு ஆள் இல்லை என்பதால் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆடி போய் ஆவணி வந்தும் நாங்கள் பக்கத்து இலக்கத்திடம் கடன் வாங்கிக்கொண்டே இருந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. எல்லோருமே மக்காக இருப்பதில் ஒரு சுகம் உண்டு. விலாவில் இடி விழாததுதான் ஒரு மாதிரியாக இருந்தது.

அவளோ அந்த மாடியில் ஆளே மாறிப்போனாள். அங்கே பின்னம் ஆரம்பித்திருந்தார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் தோசையை அரையாக, காலாக, அரைக்காலாகப் பிய்த்துத் தட்டில் அடுக்கி, எது எதோடு சேர்ந்தால் எவ்வளவு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தின்பாள். "டேய், காலும் அரைக்காலும் சேந்தா என்ன தெரியுமா?" என்று என்னைப் பிடித்து உலுக்குவாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்றதும் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம் வரும், சொல்லித் தரலாமே என்று. பள்ளிக்கூடம் போகும்போது எனக்கு முன்னால் ஓடுவாள். தாயில்லாத பிள்ளை என்று அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்கள் அந்த மாதங்களில் அவளைப் பார்த்திருக்க வேண்டும்.

என் அம்மாவின் தம்பிக்குக் காளவாசலில் ஆட்டோ உதிரி பாகக் கடை. அவரை நாங்கள் காளவாசல் மாமா என்போம். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கிக்கொண்டு வருவார். அவர் சிரித்தால் தெருவே கேட்கும். அம்மாவுக்குத் தன் பிறந்த வீட்டில் மிச்சமிருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான் என்பதால், அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் அவளுக்கு வேதம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டே பள்ளிக்கூடக் கதையைக் கேட்டவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"என்ன மாப்ள, பொண்டாட்டி மாடியில, நீ மட்டும் கீழயாம்ல?"

அப்பா சிரித்தார். நான் சிரித்தேன். அவளும் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தாள்.

"யக்கா, இப்பவே இப்படின்னா நாளைக்கு உன் மகன் அவ பின்னாடி பையத் தூக்கிட்டுத்தான் போவான் பாரு" என்றார் மாமா.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு தெருவுக்கும் போய்விட்டது. தண்ணீர்க் குழாயடியில் யாரோ அதையே கேட்டு, அம்மா நிரம்பாத குடத்தோடு திரும்பி வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

என் அம்மா கெட்டவள் இல்லை. இதைச் சொல்லாமல் மேலே எழுத எனக்குக் கை வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே துணியில்தான் சட்டையும் பாவாடையும் எடுப்பாள். எனக்கு ஒரு முட்டை என்றால் அவளுக்கும் ஒரு முட்டை. அவளுக்கு அம்மை போட்டபோது பத்து நாளும் பக்கத்திலேயே வேப்பிலையோடு கிடந்தவள் அம்மாதான். அந்தப் பிள்ளை என்றைக்கும் இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அதற்கு என்னைக் கட்டிவைப்பதுதான் வழி என்று அவள் முழு மனதோடு நம்பினாள். அந்தக் கல்யாணம் கடைசியில் நடக்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா அவளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாடியில பாடம் ரொம்பக் கஷ்டமாடி?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லத்தே. நல்லாருக்கு."

அம்மா சற்று நேரம் உச்சந்தலையில் எண்ணெயைச் சூடு பறக்கத் தட்டினாள்.

"உன் மச்சான் கீழ கெடக்கான்லடி. பாக்குறவுகல்லாம் சிரிக்கிறாக."

இன்னும் கொஞ்சம் எண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு அம்மாவே தொடர்ந்தாள்.

"உங்காத்தா சாகையில என் கையப் புடிச்சுத்தான் உன்னையக் குடுத்துட்டுப் போனா. இந்த வீட்டு மருமக நீதான். நான் வேற எவளையும் கொண்டாரப் போறதில்ல. ஆனா கட்டிக்கப் போறவன விட ஒரு படி மேல நின்னேன்னு வையி, நல்லாவாடி இருக்கும்? ஊரு என்ன சொல்லும், நீயே சொல்லு."

இறங்கிவிடு என்று அம்மா சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. தலையைக் கோதிக்கொண்டே, எங்களுக்குக் கதை சொல்லும் அதே குரலில்தான் பேசினாள். எண்ணெய் கண்ணில் இறங்காமல் இருக்க அவள் கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். மூடியபடியே "சரித்தே" என்றாள்.

அம்மா அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எதற்கு அந்தச் சரி என்று எனக்கு விளங்கவில்லை. கடலையை வாயில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

மாதக் கடைசியில் தலைமையாசிரியை எங்கள் எல்லோரையும் ஓட்டுக் கட்டடத்து வராந்தாவில் உட்கார வைத்து மனக்கணக்கு கேட்பார். சொல்லத் தெரிந்தவர்கள் மேலே போகலாம், தடுமாறுகிறவர்கள் கீழே வர வேண்டும். அந்த மாதமும் ஒவ்வொருவராக எழுப்பிக்கொண்டே வந்தார். அவள் முறை வந்தது. கேள்விகூட எனக்கு நினைவிருக்கிறது. பன்னிரண்டு மாம்பழத்தை நாலு பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு எத்தனை? தோசையை அரைக்காலாகப் பிய்க்கிறவளிடம் கேட்கிற கேள்வியே இல்லை அது. சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கேட்கலாம் என்று தலைமையாசிரியை லேசானதாகக் கேட்டிருக்க வேண்டும்.

"தெரியல டீச்சர்" என்றாள்.

டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அதைவிடச் சுலபமாக ஒன்று கேட்டார். அதற்கும் தெரியல என்றாள். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். உடம்பு சரியில்லையா என்று டீச்சர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவள் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த திங்கட்கிழமை கணக்கு மணி அடித்தபோது, பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"உனக்கு அது தெரியுமேடி?" என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் கேட்டேன்.

"தெரியும். மறந்துருச்சு."

"மறுபடி ஞாபகம் வந்துருமா?"

"வராது" என்றாள். அப்படியும் மறக்குமா என்று நான் யோசிக்கவில்லை. கணக்கை நான் தினமும் மறந்துகொண்டுதான் இருந்தேன்.

கீழ் வகுப்புக்கு வந்தவள் சும்மா இருக்கவில்லை. பழையபடி விலாவில் இடி விழுந்தது. என் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவளிடம் கேட்க ஆரம்பித்தோம். கடன் வாங்கிக் கழிப்பது ஒரே வாரத்தில் எனக்குப் பிடிபட்டது. பின்னத்தையும் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்து தலைமையாசிரியை மனக்கணக்கு கேட்டபோது நான் டக்டக்கென்று சொன்னேன். "பரவால்லயே, மாடிக்கு வா" என்றார். அவளிடமும் கேட்டார். அவள் தெரியல என்றாள்.

அன்று வீட்டில் கேசரி. காளவாசல் மாமா எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, "அப்படிப் போடு மாப்ள!" என்று தோளில் தூக்கிவைத்து ஆடினார். அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். ஆனால் இரண்டொரு நாளில் அந்த வெளிச்சம் கொஞ்சம் மங்கியது. அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இனி நீயும் போகலாம்லடி. ரெண்டு பேருமா மாடியில இருங்களேன்" என்றாள். "எனக்குக் கீழயே போதும்த்தே" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. அவளுக்குக் கோபப்படத் தெரியாது.

முதல் சில வாரங்கள் சாயங்காலமானால் "இன்னிக்கி மாடியில என்னடா?" என்று கேட்பாள். நான் பாதி சொல்வேன், மீதியை மறந்திருப்பேன். பாதியிலிருந்தே முழுசையும் பிடித்துக்கொள்வாள். பிறகு கேட்பது குறைந்தது. மாசிக்குப் பிறகு கேட்பதே இல்லை. தலைமையாசிரியையும் மாதக் கடைசியில் அவளை எழுப்புவதை விட்டுவிட்டார். தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் நிஜமாகவே தெரியாமல் போய்விடும்போல.

முழுப் பரீட்சை முடிந்த கோடையில், பண்டிகை எதுவும் இல்லாத ஒரு நாளில், கொட்டாம்பட்டி மாமா வந்து நின்றார். கையில் சாக்கு இல்லை. அவர் மறுகல்யாணம் செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று வந்தேன் என்றார். அப்பா பதறிப்போய், படிக்கிற பிள்ளையை இடையில் நிறுத்தக் கூடாது என்றார். மாமா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"படிக்கிற புள்ளையின்னா நான் கூப்புட வருவனா? பள்ளிக்கொடத்துல விசாரிச்சிட்டுத்தான் வாரேன். கணக்குல கீழ் வகுப்புலதான் இருக்காளாம்ல. ஏறாத படிப்ப எதுக்கு வம்படியா ஏத்தணும்? அங்க வந்து தம்பியப் பாத்துக்கிட்டு முடிஞ்சாப் பள்ளிக்கொடம் போகட்டும்."

"இல்லண்ணே" என்று அம்மா வேகமாக முன்னால் வந்தாள். "அப்படிச் சொல்லாதீக. அவளுக்கு வராத கணக்கே கிடையாது. அம்புட்டும் தெரியும் அவளுக்கு."

"அப்ப ஏன் தாயி கீழ இருக்கா?"

அம்மா வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். கதவோரமாக, தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தை மகளும் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அமைதி எனக்குப் பொறுக்கவில்லை. கேட்ட கேள்விக்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமே. அதுவும் எனக்குப் பெருமையாகச் சொல்லத் தெரிந்த விஷயம்.

"நான் மாடியில இருக்கேன் மாமா" என்றேன்.

"ஆம்பளப் புள்ள படிக்கணும்ல. நீ நல்லாப் படி மாப்ள" என்றார் அவர்.

பளாரென்று கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அம்மா. அதுவரை அவள் என்மேல் கைநீட்டியதில்லை. அதற்குப் பிறகும் இல்லை. "எதுக்குடி புள்ளைய அடிக்கிற?" என்று அப்பா கத்தினார். அம்மா அடுப்படிக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அத்தை மகள்தான் ஓடிவந்து, பாவாடை நுனியால் என் முகத்தைத் துடைத்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள்.

மறுநாள் காலையில் மாமா அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததாகவும், ஐந்தாவதோடு நின்றுவிட்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டோம். அம்மா தெருமுனைவரை அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனாள். நான் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசியதற்காகத்தான் அந்த அடி என்று நினைத்தேன். அது எனக்கு விழுந்த அடி என்றும் நினைத்தேன்.